லேப்டாப்பை மாத்தணுமா, ஓஎஸ்ஸை மாத்தணுமா?

இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு கேள்விதான். நல்லா ஓடிட்டு இருக்கிற லேப்டாப்பை, அதுல இருக்கிற ஓஎஸ் பழசாயிடுச்சுங்கிறதுக்காக ஓரங்கட்டணுமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. பதிவு பண்ணிக்கிட்ட வீட்டு உபயோகக்காரர்களுக்கு இன்னும் ஒரு வருஷம், அதாவது 2026 அக்டோபர் வரைக்கும், பாதுகாப்பு அப்டேட் உண்டு. அதுக்கப்புறமும் கம்ப்யூட்டர் ஆன் ஆகும், வேலை செய்யும். ஆனா புதுசா ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிய வந்தா, அதை அடைக்க அப்டேட் வராது. அதே மெஷின்லதான் நாம நெட் பேங்கிங் பண்றோம்.

சரி, விண்டோஸ் 11 போட்டுக்கலாமா? அதுக்கு டிபிஎம் 2.0 வேணும். பிராசஸரும் ஓரளவு புதுசா இருக்கணும். இன்டெல்னா பெரும்பாலும் 8-வது தலைமுறைக்கு மேல. பல பழைய லேப்டாப் இங்கேயே அவுட். மிச்சம் இருக்கிற வழி லினக்ஸ். உபுண்டு, லினக்ஸ் மின்ட் ரெண்டுமே இலவசம். பழைய மெஷின்லயும் பெரும்பாலும் நல்லாவே ஓடும். ஆனாலும் நம்மில் பலர் அந்தப் பக்கம் போறதே இல்லை. ஏன்?

‘புதுசுன்னா பயம்’னு சுலபமா சொல்லிடலாம். ஆனா அது சரியா வரலை. நோக்கியாவோட சிம்பியன் போன்ல இருந்து நம்ம அப்பா, அம்மா, பெரியப்பா எல்லாரும் ஆண்ட்ராய்டுக்கு வந்துட்டாங்களே! அதுவும் ஓஎஸ் மாற்றம்தான். ஆண்ட்ராய்டோட அடித்தளத்துல இருக்கிறதே லினக்ஸ் கெர்னல்தான். அப்போ யாருக்கும் பயம் வரலை. ஏன்னா கடையில வாங்கும்போதே அது போன்ல இருந்துச்சு. சுத்தி இருந்தவங்களும் அதுக்குத்தான் மாறிட்டு இருந்தாங்க. சந்தேகம்னா கேட்க பக்கத்துல ஆள் இருந்தாங்க.

கடையிலேயே போட்டுக் கொடுத்துட்டா மட்டும் போதுமா? அதுக்கும் நம்மகிட்ட ஒரு உதாரணம் இருக்கு. தமிழ்நாடு அரசு 2011-ல கொடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப்கள்ல விண்டோஸோட ‘பாஸ் லினக்ஸும்’ இருந்துச்சு. சென்னை சி-டாக் உருவாக்கினது. அந்த லேப்டாப் வாங்கின யாரையாவது கேட்டுப் பாருங்க, அதுல தினமும் பாஸை யூஸ் பண்ணவங்க எத்தனை பேர்னு. பாடம், கேம், நண்பர்கள் கொடுத்த சாஃப்ட்வேர் எல்லாமே விண்டோஸ் பக்கம் இருந்தா, பையன் அந்தப் பக்கம்தான் போவான்.

இதுதான் விஷயம். நாம மாத்த நினைக்கிறது ஒரு மெஷினை. ஆனா அந்த மெஷின் பல பேரோட கட்டிப் போட்டிருக்கு. ஒரு சின்னக் கடைக்காரர் கணக்கு எழுதுறது டேலியில. அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஆடிட்டர் கேட்கிறதும் டேலி ஃபைல். ஒரு டிடிபி சென்டரை எடுத்துக்கோங்க. வருஷக்கணக்கா பேஜ்மேக்கர்ல, பாமினி, வானவில் ஃபான்ட்ல அடிச்ச கல்யாணப் பத்திரிகையெல்லாம் சேர்ந்து கிடக்கு. ஃபான்ட்டை லினக்ஸ்லயும் போட்டுக்கலாம். ஆனா லினக்ஸுக்குன்னு பேஜ்மேக்கர் வந்ததே இல்லை. அவர் தயங்கினா அது சோம்பேறித்தனமா? அவரோட பிழைப்பு அது.

அப்போ நாம என்ன பண்ணலாம்? ஒரு வாரம் நீங்க திறக்கிற ஒவ்வொரு புரோகிராமையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. அதுல பிரவுசர்ல நடக்கிற வேலை எத்தனைன்னு பாருங்க. ஜிமெயில், யூடியூப், பேங்க் வேலை எல்லாம் எந்த ஓஎஸ்லயும் ஒண்ணுதான். அடுத்து, ஓஎஸ்ஸைத் தொடாம, விண்டோஸ்லயே லிப்ரே ஆபீஸ், விஎல்சி மாதிரி ரெண்டு பக்கமும் ஓடுற சாஃப்ட்வேருக்குப் பழகுங்க. அப்புறம் லினக்ஸை ஒரு பென் டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாமலே அதுல இருந்து ஓட்டிப் பாருங்க. வைஃபை வருதா, பிரிண்டர் வேலை செய்யுதா, தமிழ்99-ல டைப் அடிக்க முடியுதான்னு பாருங்க. பிடிக்கலைன்னா பென் டிரைவை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணா, பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். பிடிச்சு இன்ஸ்டால் பண்ணப் போறீங்கன்னா, போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாத்தையும் முதல்ல வேற டிஸ்க்ல பேக்கப் எடுத்துடுங்க.

அந்த லிஸ்ட்ல கடைசியா ஒண்ணு, ரெண்டு புரோகிராம் மட்டும் நகராம நிக்கும். உங்க தயக்கத்தோட நிஜப் பேர் அதுதான். அதுக்கு மாற்று இருந்தா மாறுங்க. மாற்றே இல்லை, சோறு போடுறதே அதுதான்னா விண்டோஸ்லயே இருங்க. ஆனா அப்டேட் வர்ற விண்டோஸா இருக்கட்டும். லிஸ்ட்ல எதுவுமே நிக்கலைன்னா? புது லேப்டாப்புக்கு இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி, அந்தப் பென் டிரைவை ஒரு தடவை சொருகிப் பாருங்க.

உங்க லிஸ்ட்ல கடைசியா நின்னது எதுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.