செருகு கலப்பின மகிழுந்துகளில் எரிபொருள் கணக்கு

பிளக்-இன் ஹைபிரிட் எனப்படும் செருகு கலப்பின மகிழுந்து, வெளி மின்னிணைப்பிலிருந்து மின்னேற்றிக்கொள்ளும் மின்கலத்தையும் பெட்ரோல் எஞ்சினையும் ஒருங்கே கொண்ட ஊர்தி ஆகும். சாதாரண மகிழுந்தில் ஓடிய தூரத்தை நிரப்பிய பெட்ரோலால் வகுத்தால் மைலேஜ் கிடைத்துவிடும். செருகு கலப்பின மகிழுந்தில் தூரத்தின் ஒரு பகுதியை மின்சாரம் சுமப்பதால் அந்த ஒற்றை வகுத்தல் தவறான விடையைத் தரும். பெட்ரோல், மின்சாரம், ஒவ்வொன்றிலும் ஓடிய தூரம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்தால்தான் ஊர்தியின் உண்மையான செலவு தெரியும்.

ஒரே மகிழுந்து, பல எண்கள்

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2010 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த செவ்ரோலே வோல்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விற்பனைக்கு முன்பே, 2009 ஆகஸ்டில், நகர ஓட்டத்தில் இம்மகிழுந்து கேலனுக்கு 230 மைல் தரும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. இது லிட்டருக்கு ஏறத்தாழ 98 கி.மீ. ஆகும். அப்போது வரைவு நிலையில் இருந்த அரசுச் சோதனை முறையை அடிப்படையாகக் கொண்டு நிறுவனம் செய்த மதிப்பீடு அது. தான் இன்னும் வோல்ட்டைச் சோதிக்கவில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தெரிவித்தது.

2010 நவம்பரில் வெளியான அதிகாரப்பூர்வத் தர அட்டையில் வேறு எண்கள் இருந்தன. மின்சாரத்தில் மட்டும் ஓடினால் கேலன் சமானத்துக்கு 93 மைல். பெட்ரோலில் மட்டும் ஓடினால் கேலனுக்கு 37 மைல், அதாவது லிட்டருக்கு 15.7 கி.மீ.; இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 60 மைல். முழு மின்னேற்றத்தில் எஞ்சின் இயங்காமல் செல்லும் தூரம் 35 மைல், அதாவது 56 கி.மீ. என்று அந்த அட்டை குறித்தது.

230, 93, 60, 37 ஆகிய நான்கும் ஒரே மகிழுந்தைப் பற்றியவை. இவற்றுள் எது தன் ஓட்டத்துக்குப் பொருந்தும் என்பதை அறிய உரிமையாளருக்கு உள்ள வழி, தன் கணக்கைத் தானே எழுதிவைப்பதுதான்.

சமான அலகு

பெட்ரோலை லிட்டரிலும் மின்சாரத்தை யூனிட்டிலும் அளக்கிறோம். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. இரண்டையும் ஒப்பிட, ஒரு அமெரிக்க கேலன் பெட்ரோலில் உள்ள வெப்ப ஆற்றல் 33.7 யூனிட்டுக்குச் சமம் என்று அந்த முகமை எடுத்துக்கொள்கிறது. கேலன் என்பது 3.785 லிட்டர். எனவே ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 8.9 யூனிட்டுக்குச் சமம்.

இது ஆற்றலின் சமானம் மட்டுமே. விலையின் சமானம் அன்று. மின் நிலையத்தில் மின்சாரம் உற்பத்தியாகும்போது ஏற்படும் இழப்பும் புகையும் இந்த எண்ணில் சேராது. ஆகவே சமான மைலேஜை மட்டும் வைத்துப் பணச் செலவையோ சுற்றுச்சூழல் பாதிப்பையோ முடிவுசெய்ய இயலாது.

பெட்ரோலை அளக்கும் முறை

நம்பகமான வழி, முழுக்கலன் முறை ஆகும். பம்பின் குழாய் தானே நிற்கும்வரை பெட்ரோல் நிரப்பி, தூரமானியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த முதல் நிரப்பலில் மைலேஜ் கணக்கிட முடியாது; இது தொடக்கப் புள்ளி மட்டுமே. அடுத்த முறையும் அதே அளவுக்கு முழுமையாக நிரப்பும்போது பம்ப் காட்டும் லிட்டர்தான் இடைப்பட்ட ஓட்டத்தில் எரிந்த பெட்ரோல்.

இடையில் கலனை முழுமையாக நிரப்பாமல் 5 லிட்டரோ 10 லிட்டரோ போட்டிருந்தால், அந்த அளவை அடுத்த முழு நிரப்பலுடன் கூட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு மட்டும் தனியாக மைலேஜ் காணக் கூடாது. இரு நிரப்பல்களில் பம்ப் நிற்கும் மட்டம் 2 லிட்டர் மாறுபட்டால், 32 லிட்டர் கணக்கில் 6 விழுக்காடு பிழை வரும். பல நிரப்பல்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் இப்பிழை சுருங்கும்.

நிரப்பும் நேரத்தில் மின்கலம் எந்த நிலையில் இருந்தது என்பதையும் எழுத வேண்டும். காலி மின்கலத்துடன் தொடங்கி நிறைந்த மின்கலத்துடன் முடித்தால், பயன்படுத்தாத மின்சாரமும் கணக்கில் சேர்ந்துவிடும். 100 கி.மீ. ஓட்டத்தில் இது விடையைப் புரட்டிவிடும், 1,600 கி.மீ. ஓட்டத்தில் அவ்வளவாகத் தெரியாது.

மின்சாரத்தை அளக்கும் முறை

மகிழுந்தின் திரை காட்டும் யூனிட் பெரும்பாலும் மின்கலத்திலிருந்து செலவான அளவாகும். மின்கட்டணமோ சுவரிலிருந்து எடுத்த அளவுக்கு வருகிறது. இடையில் மின்னேற்றியிலும் மின்கலத்திலும் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. முதல் வோல்ட்டின் மின்கலக் கொள்ளளவு 16 யூனிட். அதன் ஆயுளைக் காக்க, அதில் சுமார் 10 யூனிட் மட்டுமே பயன்பாட்டுக்கு விடப்பட்டது. அதை நிரப்பச் சுவரிலிருந்து 12 முதல் 13 யூனிட் வரை தேவைப்பட்டது. எனவே மின்னேற்றிக்குத் தனி மீட்டர் வைத்து அதன் எண்ணைக் குறிப்பதே சரியான வழி. அமெரிக்கத் தர அட்டையின் எண்களும் சுவரிலிருந்து எடுத்த மின்சாரத்தையே கணக்கில் கொள்கின்றன.

ஒரு மாதிரிக் கணக்கு

வோல்ட் போன்ற மகிழுந்து ஒன்றை இருவர் வைத்திருப்பதாகக் கொள்வோம். இருவரும் 1,600 கி.மீ. ஓட்டுகின்றனர்.

முதலாமவர் தினமும் வீட்டில் மின்னேற்றி, அருகிலுள்ள அலுவலகத்துக்குச் சென்று வருகிறார்.
மின்சாரத்தில் ஓடியது: 1,100 கி.மீ.; சுவர் மீட்டரில் 242 யூனிட்
பெட்ரோலில் ஓடியது: 500 கி.மீ.; 32 லிட்டர்

இரண்டாமவர் பெரும்பாலும் நெடுந்தூரம் செல்கிறார், மின்னேற்றுவது அரிது.
மின்சாரத்தில் ஓடியது: 400 கி.மீ.; சுவர் மீட்டரில் 88 யூனிட்
பெட்ரோலில் ஓடியது: 1,200 கி.மீ.; 76.8 லிட்டர்

மொத்தத் தூரத்தைப் பெட்ரோலால் மட்டும் வகுத்தால் முதலாமவருக்கு லிட்டருக்கு 50 கி.மீ., இரண்டாமவருக்கு 20.8 கி.மீ. கிடைக்கும். இரண்டாமவர் தம் மகிழுந்தில் ஏதோ பழுது என்று எண்ணக்கூடும். பிரித்துப் பார்த்தால் உண்மை தெரியும். பெட்ரோலில் ஓடிய தூரத்துக்கு இருவருக்கும் லிட்டருக்கு 15.6 கி.மீ.; மின்சாரத்தில் ஓடிய தூரத்துக்கு இருவருக்கும் 100 கி.மீ.க்கு 22 யூனிட். இரு மகிழுந்துகளும் ஒன்றுபோலவே இயங்குகின்றன. மாறுபட்டது மின்னேற்றும் பழக்கம் மட்டுமே.

முதலாமவரின் 50 கி.மீ. என்பதும் முழு உண்மை அன்று. 242 யூனிட்டை 8.9 ஆல் வகுத்தால் 27.2 லிட்டர் சமானம். அதனுடன் 32 லிட்டரைக் கூட்டினால் 59.2 லிட்டர். 1,600 கி.மீ.யை இதனால் வகுத்தால், சமான லிட்டருக்கு 27 கி.மீ. மட்டுமே.

பணக் கணக்கும் இதே எண்களிலிருந்து கிடைக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் 15.6 கி.மீ. தூரத்துக்கு மின்சாரத்தில் 3.4 யூனிட் போதும். எனவே 3.4 யூனிட்டின் விலை ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையைவிடக் குறைவாக இருக்கும் இடத்தில் மின்னேற்றுவது ஆதாயம். வீட்டு மின்சாரத்தில் பெரும்பாலும் ஆதாயமாக அமையும் இக்கணக்கு, கட்டணம் மிகுந்த பொது மின்னேற்ற நிலையங்களில் தலைகீழாக மாறவும் கூடும்.

தூரத்தைப் பிரிப்பதில் உள்ள சிக்கல்

வோல்ட் தன் மின்கலத்தின் பயன்பாட்டு அளவு தீரும்வரை பொதுவாக மின்சாரத்திலேயே ஓடும். பிறகே எஞ்சின் இயங்கும். ஆகவே தூரத்தைப் பிரிப்பது எளிது. 2012ஆம் ஆண்டின் டொயோட்டா பிரியஸ் செருகு கலப்பின மகிழுந்து அப்படிப்பட்டது அன்று. வேகத்தைத் திடீரென உயர்த்தினாலோ, வேகம் மணிக்கு சுமார் 100 கி.மீ.யைத் தாண்டினாலோ, மின்கலத்தில் மின்சாரம் இருக்கும்போதே எஞ்சினும் இயங்கும். இத்தகைய மகிழுந்துகளில் மின் தூரத்தைத் துல்லியமாகப் பிரிக்க முடியாது. மொத்தத் தூரம், மொத்தப் பெட்ரோல், மொத்த யூனிட் ஆகிய மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கலனில் தங்கும் பெட்ரோல்

நாள்தோறும் மின்னேற்றுபவர்களுக்கு ஒரு நிரப்பலுக்கும் அடுத்த நிரப்பலுக்கும் இடையே பல மாதங்கள் கடக்கும். பெட்ரோலில் உள்ள எளிதில் ஆவியாகும் பொருள்கள் நாளடைவில் வெளியேற, அதன் தரம் குறையும். இதைத் தடுக்க வோல்ட்டின் கலன் அழுத்தம் காக்கும் மூடிய கலனாக அமைக்கப்பட்டது. நிரப்புவதற்கு முன் ஓட்டுநர் பக்கக் கதவிலுள்ள பொத்தானை அழுத்தி, அழுத்தம் தணியும்வரை காத்திருக்க வேண்டும்.

கலனிலுள்ள பெட்ரோலின் சராசரி வயது ஓராண்டைத் தாண்டினால், மகிழுந்து எஞ்சினைத் தானே இயக்கிப் பழைய பெட்ரோலை எரிக்கத் தொடங்கும். எஞ்சின் பல வாரங்கள் இயங்காமல் இருந்தாலும், கடுங்குளிர் நிலவினாலும் சிறிது நேரம் இயங்கும். இதனால் மின்சாரத்தில் மட்டுமே ஓட்டுபவரின் பதிவேட்டிலும் கொஞ்சம் பெட்ரோல் செலவு வரும். அது பழுதின் அறிகுறி அன்று. நிரப்பிய தேதியை எழுதிவைத்தால் இந்தச் செலவுக்குக் காரணம் எளிதில் விளங்கும். அரிதாகவே பெட்ரோல் செலவிடுபவர்கள் கலனை நிறைத்து வைப்பதைவிட, தேவைக்கேற்பச் சிறிதளவு நிரப்புவது நல்லது.

கணக்கு காட்டிய உண்மை

செருகு கலப்பின மகிழுந்துகளின் தர எண்கள், ஓட்டத்தில் எவ்வளவு பங்கு மின்சாரத்தில் நடக்கும் என்ற முன்மதிப்பைச் சார்ந்தவை. இதைப் பயன்பாட்டுக் காரணி என்பர். உரிமையாளர் மின்னேற்றாவிட்டால் அந்த மதிப்பு பொய்த்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் புதிதாகப் பதிவாகும் மகிழுந்துகள் எரிபொருள் செலவைத் தாமே பதிவுசெய்யும் கருவியைக் கொண்டிருக்க வேண்டும். அத்தரவுகளை ஆராய்ந்து ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோல், டீசல் மகிழுந்துகளின் உண்மையான கரியமில வாயு வெளியீடு சோதனைக்கூட எண்ணைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுதி. செருகு கலப்பின மகிழுந்துகளிலோ அது சராசரியாக 3.5 மடங்காக இருந்தது. அவை எதிர்பார்த்த அளவுக்கு மின்னேற்றப்படாததும் மின்சாரத்தில் ஓட்டப்படாததும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

2022இல் ஐசிசிடி அமைப்பும் பிராவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் ஐரோப்பாவில் நடத்திய ஆய்விலும் இதுவே தெரிந்தது. சொந்தமாக மகிழுந்து வைத்திருந்தோர் 45 முதல் 49 விழுக்காடு தூரத்தை மின்சாரத்தில் ஓட்டினர். நிறுவனங்கள் ஊழியர்களுக்கு அளித்த மகிழுந்துகளில் அது 11 முதல் 15 விழுக்காடு மட்டுமே. இத்தகைய தரவுகளைத் தொடர்ந்து, ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் புதிய வகைச் செருகு கலப்பின மகிழுந்துகளுக்குப் பயன்பாட்டுக் காரணியைக் கடுமையாக்கியது. இதனால் அவற்றின் அதிகாரப்பூர்வ எண்கள் சாலையில் ஆகும் உண்மைச் செலவை முன்பைவிட நெருங்கி வருகின்றன.