பழைய மாருதி 800 எதனால் நின்று போகிறது?

1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன கார் மாருதி 800. எங்க மாமா இன்னும் அதில்தான் செஞ்சியிலிருந்து திண்டிவனம் போறார். மூணு சிலிண்டர், 796 சிசி. இந்தச் சின்ன இன்ஜின் லேசில் கெடாது. அதற்கு எமன் சூடுதான்!

இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டரில் வந்து ஆறும். ரேடியேட்டர் மூடி, குக்கர் மூடி மாதிரி. அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியிலும் தண்ணீர் கொதிக்காது. வயசான வண்டியில் ரப்பர் குழாய் வெடித்துக் கசியும், இல்லாவிட்டால் மின்விசிறி சுற்றாது. அப்போ அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போயிடும். பெரிய செலவே அதுதான்.

சூடு காட்டும் முள் ராஜகிரி ஏறுற மாதிரி மேலே போனால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தணும். மூடியை மட்டும் உடனே திறந்துடாதீங்க! அழுத்தம் விட்டதும் தண்ணீர் சட்டென்று கொதித்து முகத்தில் அடிக்கும். நல்லா ஆறட்டும்.

மாமா காசு மிச்சம்னு கூலன்டுக்குப் பதில் போர் தண்ணி ஊத்துறார். வெந்நீர்ப் பானையில் வெள்ளையாகப் படியுதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைச்சிடும். சொன்னேன், சிரிக்கிறார்.