கணிப்பொறியின் பேரேடு

சென்ற சாரல் பருவத்தில் ஒரு மாலை, கடையநல்லூரில் எங்கள் தெருவிலுள்ள கல்லூரி மாணவி ஒருத்தி மடிக்கணினி ஒன்றை ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தாள். தமிழக அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவள் அக்காளுக்குக் கிடைத்தது அது. மின்கலம் செத்துப்போய், வீட்டு மின்சாரத்தை நம்பியே ஓடிக்கொண்டிருந்தது. காற்றில் மின்சாரம் நின்றது, கணினியும் நின்றது. மீண்டும் இயக்கினால், கருந்திரையில் சில வரிகள் ஓடி, ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் சொல்லோடு நின்றுவிடுகிறது. கடை ஒன்றில், “எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டும்” என்றார்களாம். உள்ளே, இவ்வூர்க் கைத்தறி நெசவாளர்களைக் கண்டு அவள் பதிவு செய்த பேட்டிகள் இருந்தன. பேசியவர்களுள் ஒரு பெரியவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

அழித்துவிடுவது எளிது. ஆனால் பழுது எங்கே என்று பாராமல் அழிப்பது, கணக்கில் பிழை வந்ததென்று கடையையே கொளுத்துவது போன்றதன்றோ?

அதில் இயங்கியது பாஸ் லினக்ஸ். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம். மாணவர்களே, கணினியின் வட்டு சிறுசிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. ஒரு கட்டம் பெரும்பாலும் 4096 பைட்டு கொள்ளும். ஒரே கோப்பு பல கட்டங்களில் சிதறிக் கிடக்கலாம். எது எங்கே இருக்கிறது, எந்தக் கட்டம் காலி என்று காட்டும் பேரேடு ஒன்று உண்டு. அப்பேரேட்டையும் அதனை எழுதும் முறையையும் சேர்த்தே கோப்பு முறைமை என்கிறோம். எழுதும்போதே மின்சாரம் நின்றால், பாதிப் பதிவோடு பேரேடு முரண்பட்டு நிற்கும்.

நம் ஜவுளி வணிகர்கள் இதற்கு என்றோ வழி கண்டனர். முதலில் சிட்டாவில் குறிப்பர். பிறகே பேரேட்டில் ஏற்றுவர். லினக்ஸில் 2001 முதல் எக்ஸ்ட்3 முறைமையும், 2008 முதல் எக்ஸ்ட்4 முறைமையும் அவ்வாறே செய்கின்றன. மின்சாரம் வந்ததும் சிட்டாவைப் பார்த்துப் பேரேடு நேராகும். எனினும், சிட்டா பொதுவாகப் பேரேட்டைத்தான் காக்கும். அக்கணம் எழுதப்பட்ட கோப்பின் உள்ளடக்கத்தை அன்று. வட்டின் பரப்பே கெட்டால் சிட்டாவும் பயன்படாது.

கணினி தானாகச் சீர்செய்ய இயலாதபோது, வீட்டுக்குள் நுழையாமல் திண்ணையில் நின்றுவிடுகிறது. அத்திண்ணைதான் இனிட்ராம்எஃப்எஸ்: நினைவகத்தில் மட்டும் வாழும் சிற்றமைப்பு.

என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் வழி சொன்னார். வட்டில் வேற்றொலி கேட்டால் எதையும் தொடாதீர்கள் என்பது அவருடைய முதல் எச்சரிக்கை. ஒலி எதுவும் இல்லை. பென்டிரைவில் வேறொரு லினக்ஸை ஏற்றிக் கணினியை இயக்கினோம். பழைய வட்டைப் படிக்க மட்டும் திறந்து, கண்ணுக்குத் தெரிந்தவற்றையெல்லாம் படியெடுத்தோம். பேட்டிகள் இருந்த உறையை மட்டும் காணவில்லை. அவள் முகம் வாடிற்று.

பின்னர் வட்டை மூடிவிட்டு, ‘எஃப்எஸ்சிகே’ என்னும் கட்டளையுடன் வட்டுப்பகுதியின் பெயரைத் தட்டச்சிட்டோம். திறந்திருக்கும் வட்டின்மீது இக்கட்டளையை ஏவலாகாது, உள்ளதும் குலைந்துவிடும். அது ஒவ்வொரு முரணாகக் காட்டி, “திருத்தவா?” என்று கேட்டது, ஒப்புக்கொண்டோம். பெயர் இழந்து, உரிமையாளரின்றிக் கிடக்கும் கோப்புகளை அது ‘லாஸ்ட் ஃபவுண்ட்’ என்னும் உறையில் எண்களை மட்டும் பெயராக இட்டுச் சேர்த்துவைக்கும். அங்கே பதினொரு எண்கள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தோம். நான்காவதில் தறியோசை கேட்டது; பிறகு அந்தப் பெரியவர் பேசத் தொடங்கினார்.