மஹய்யாவவில் ஒரு வீடு: வாடகைக்கா, விலைக்கா?

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை வீதி வழியே சிறிது தூரம் சென்றதும் வரும் மஹய்யாவவில், சரிவுகளில் ஒன்றன் தோளில் ஒன்றாக நெருங்கி நிற்கும் வீடுகளுள் எது சொந்தம், எது வாடகை என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது எளிதன்று. ஆனால் உள்ளே வாழும் குடும்பங்களின் வரவு செலவைப் பிரித்துப் பார்த்தால், ஒரே மாதிரியான சுவர்களுக்குள் முற்றிலும் வேறான இரண்டு ஜீவனங்கள் நடப்பது பிரத்தியட்சமாகும்.

பெரியவர்கள் இவ்விஷயத்தில் தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். வாடகை கொடுப்பது விழலுக்கு இறைத்த நீர். எலி வளையானாலும் தனி வளை வேண்டும். அந்தப் பழமொழியை முதன்முதலில் சொன்னவர் வங்கியில் கடன் வாங்கி வளை தோண்டியவராக இருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

உதாரணத்துக்கு, ஒரு கோடி ரூபா பெறுமதியான சிறிய வீடொன்று மாதம் 30,000 ரூபா வாடகைக்கும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பான 30 இலட்சத்தைப் போட்டு, மீதி 70 இலட்சத்தை நூற்றுக்கு 12 வட்டியில் 20 வருடக் கடனாகப் பெறுபவர் மாதந்தோறும் கட்ட வேண்டிய தவணை ஏறக்குறைய 77,000 ரூபா. முதல் மாதத் தவணையில் 70,000 ரூபா வட்டிக்கே போய்விட, கடனின் முதலில் கழிவது ஏழாயிரத்துச் சொச்சந்தான். வாடகை வீண் என்று சொல்லி வெளியேறியவர், அந்த வாடகையைப் போல் இரு மடங்குக்கு மேல் வட்டியாகக் கொடுக்கிறார். 20 வருட முடிவில் வங்கிக்குச் சேர்ந்திருக்கும் மொத்தத் தொகை ஒரு கோடி 85 இலட்சம். வாடகை வீட்டிலேயே இருந்துகொண்டு அதே 30 இலட்சத்தை நூற்றுக்கு 8 வட்டியில் நிலையான வைப்பில் இட்டவருக்கோ, வரி கழிக்குமுன் மாதம் 20,000 ரூபா கைக்கு வருகிறது. ஆகவே அவர் தம் சம்பளத்திலிருந்து வாடகைக்கு எடுப்பது பத்தாயிரத்துச் சொச்சமே.

வாங்குபவரின் செலவு தவணையோடு நிற்பதுமில்லை. கைமாற்ற உறுதிக்கு முத்திரை வரியாக முதல் இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மீதிக்கு நூற்றுக்கு 4 என்ற கணக்கில் நமது ஒரு கோடி ரூபா வீட்டுக்கு 399,000 ரூபா ஆகிறது; நொத்தாரிசின் கட்டணம் வேறு; மாநகர சபைக்கு வருடந்தோறும் சோலைவரி வேறு. இவற்றுக்கெல்லாம் மேலாக மலைநாட்டுக்கே உரிய ஒரு செலவு உண்டு. வீட்டின் பின்புறத்து மண்மேடு ஐப்பசி கார்த்திகை மழையில் இளகத் தொடங்கினால், வாடகைக்காரர் வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லிவிட்டு வேறிடம் பார்க்கலாம். சொந்தக்காரரோ மண்ணைத் தாங்கும் சுவருக்குச் சீமெந்தும் கம்பியும் வாங்கக் கடைக்குப் போக வேண்டும். 2020 செப்டெம்பரில் கண்டி பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டிடம் சரிந்து ஒரு பச்சிளங்குழந்தை உட்பட மூவர் மாண்டதை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள்.

வட்டி எங்கே போய் நிற்கும் என்பதும் கடன்காரரின் கையில் இல்லை. 2022 ஏப்ரல் 8ஆம் தேதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டிகளை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அவ்வருட முடிவில் வங்கிகள் தமது தலைசிறந்த வாடிக்கையாளருக்கே நூற்றுக்கு 27 வரை வட்டி கேட்டன. மேற்சொன்ன 70 இலட்சக் கடனுக்கு வட்டி 25 ஆகுமானால் தவணை ஏறத்தாழ 147,000 ரூபா. மாறும் வட்டிக்குக் கையொப்பமிட்டிருந்த உத்தியோகஸ்தர்களின் நிலைமையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். எனினும் அதே வருடத்துக் கணக்கில் மறுபக்கமும் இருக்கிறது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் நூற்றுக்கு 69.8ஐத் தொட்டபோது, வைப்பிலிட்டவரின் சேமிப்பு அவர் கண்ணெதிரிலேயே தேய்ந்தது. நிலையான வட்டிக்குக் கடன் வாங்கி வீடு கொண்டவரின் கடனோ, ரூபாவின் மதிப்போடு சேர்ந்து தானும் இளைத்தது. ஆகவே ஆதாயமும் நஷ்டமும் வீட்டில் இருந்ததைவிட ஒப்பந்தத்தின் ஒரு வரியில்தான் அதிகமாக இருந்தன.

இனி, தவணைக் கணக்கில் ஏறாத சில சங்கதிகளைச் சொல்ல வேண்டும். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கும்போது, பாடசாலைக்கு அண்மையில் வசிப்பவர் என்ற பிரிவில் சொந்த உறுதிக்கு வாடகை ஒப்பந்தத்தைவிடக் கூடுதலான புள்ளி. வாக்காளர் இடாப்பில் ஒரே விலாசத்தில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது என்பதற்கும் புள்ளி. இரண்டு வருடத்துக்கொருமுறை வீடு மாறுபவர் இங்கே பின்தங்குகிறார். பெயர்பெற்ற பாடசாலைகள் நிறைந்த கண்டியில் காணி பேர்ச்சுக்குப் பேர்ச் விலையேறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன்.

இந்நாட்டில் வாடகைக்காரருக்குச் சட்டத்தின் துணை இல்லாமலும் இல்லை. யுத்த காலத்தில் 1942இல் பிறந்த வாடகைக் கட்டுப்பாடு, 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டமாக முறுகி, குடியிருப்பவரை எழுப்புவதை அரிய காரியமாக்கிற்று. விளைவு, பலர் வீட்டைப் பூட்டி வைத்தாலும் வைப்போம், வாடகைக்கு விடமாட்டோம் என்றார்கள். பின்வந்த திருத்தங்கள் அந்தப் பிடியைத் தளர்த்தியிருந்தும், மாதக்கணக்கில் முற்பணம் கேட்கும் வழக்கத்தில் அந்தப் பழைய பயம் இன்றும் ஒளிந்திருக்கிறது.

மலையகத் தமிழருக்கு இவ்விவகாரம் வெறும் கணிதமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் பிரஜாவுரிமையையே இழந்து, தோட்ட வேலை போனால் லயக்காம்பராவும் போகும் என்ற நிலையில் தலைமுறைகளைக் கழித்தவர்கள், கண்டிக்கு வந்து கடையிலோ கந்தோரிலோ அமர்ந்ததும் முதல் ஆசையாக ஓர் உறுதியைக் கேட்பதில் வியப்பென்ன? மஹய்யாவவிலேயே மாநகர சபையின் துப்புரவுப் பணிக்கென வந்தோரின் சந்ததியார், வாடகைக்காரர் என்றும் சொல்ல முடியாமல் சொந்தக்காரர் என்றும் சொல்ல முடியாமல் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். இந்த ஆசைக்கு விலை கொடுப்பது மடமையன்று. எவ்வளவு கொடுக்கிறோம் என்று அறியாமல் கொடுப்பதே மடமை.

ஆதலால் என் தீர்ப்பு இது: தவணை சம்பளத்தின் மூன்றிலொரு பங்கைத் தாண்டுமாயின், வாடகை வீட்டிலேயே இருந்து மிச்சத்தைச் சேமிப்பதே உத்தமம்; மிச்சத்தைச் சேமிக்கும் பழக்கமில்லாதவருக்கு மட்டும், கடன் என்ற கட்டாயம் பிரயோசனப்படலாம். வாங்கத் துணிந்தவர்களோ, முற்பணம் கொடுக்குமுன் கண்டி காணிப் பதிவகத்தில் உறுதியின் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்து, காணியின் மண்சரிவு நிலைமையைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தில் விசாரித்து, வட்டி எத்தனை வருடத்துக்கு மாறாது என்பதை வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.