வாங்கிய வாகனம் சத்தம் போட்டால்...

சரக்கு ஏற்ற ஒரு வாகனம் இல்லாமல் இன்று சிறு வியாபாரம் செய்வது கடினம். கையில் இருக்கும் முதலில் பாதியைப் போட்டு, மீதிக்கு லீசிங் எடுத்து, ஒரு வானோ காரோ வாங்குகிறோம். "புதுசு வாங்கியாச்சு" என்று சொல்லிக்கொண்டாலும், நம்மில் பெரும்பாலானோருக்கு அது இன்னொருவர் ஓட்டிய வாகனம்தான். அதிலும் 2020 மார்ச் மாதத்தில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இருந்த வாகனங்களே கை மாறிக்கொண்டிருந்தன. விலையும் ஏறிக்கொண்டே போனது. அப்படிப் பல கை மாறிய வாகனங்கள்தான் இன்றும் சந்தையில் நிறைய நிற்கின்றன.

வாங்கிய சில நாட்களில் எஞ்சினில் ஒரு சத்தம் கேட்கிறது. என்ன செய்வது? சிலர் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். சிலர் "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்பார்கள். சிலர் புரோக்கரோடு சண்டைக்குப் போவார்கள். மூன்றும் நட்டம்தான். சத்தம் கேட்ட நேரத்திலிருந்து இரண்டு தவணைகள் ஓடத் தொடங்குகின்றன. ஒன்று எஞ்சினுடைய ஆயுள். மற்றது விற்றவரிடம் கேட்பதற்கு உங்களுக்குள்ள உரிமை. தாமதித்தால் இரண்டும் கரைந்து போகும். இதை விளக்க என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன்.

குருநகர் மெக்கானிக் சொன்னது

சில வருடங்களுக்கு முன் ஒரு புரோக்கர் மூலம், வேறு மாவட்டத்தில் உள்ள ஒருவரிடமிருந்து சிறிய பெற்றோல் வான் ஒன்றை வாங்கினேன். கயிறு, மிதவை, இரும்புச் சாமான்களைக் கடையிலிருந்து குருநகர் இறங்குதுறைப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக எடுத்தது. வாங்கும்போது பார்த்தேன், ஓட்டினேன். சத்தமே இல்லை. மூன்றாம் நாள் சுமை ஏற்றிக்கொண்டு கடற்கரை வீதியால் போகும்போது, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, அடியிலிருந்து "டொக், டொக்" என்று கனத்த சத்தம். அன்றே குருநகரில் வள்ளங்களின் எஞ்சின்களையும் வாகனங்களையும் திருத்தும் ஒருவரிடம் விட்டேன்.

அவர் முதலில் எஞ்சினை ஆறவிட்டார். பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். சத்தம் இல்லை. "நானா, குளிரா இருக்கேக்கை இது வாய் திறக்காது. சூடேறட்டும், பேசும்" என்றார். அப்படியே பேசியது. அளவுக்கோலை இழுத்து ஒயிலை விரலில் தொட்டுப் பார்த்தார். தேன் போல இழுபட்டது. "இது இந்த எஞ்சினுக்குரிய ஒயில் இல்லை. தடிச்ச ஒயிலை ஊத்திச் சத்தத்தை மூடியிருக்கினம்" என்றார்.

இதன் விளக்கம் எளிது. எஞ்சினின் சுழல் தண்டு பெயாரிங் மீது நேரடியாக உரசுவதில்லை. மயிரிழையை விட மெல்லிய ஒயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுற்றுகிறது. பெயாரிங் தேய்ந்தால் இடைவெளி கூடும். ஒயில் அங்கே நிற்காமல் வழிந்துவிடும். இரும்போடு இரும்பு இடிக்கும். தடித்த ஒயில் அந்த இடைவெளியைச் சில நாட்களுக்கு நிரப்பிச் சத்தத்தை அடக்கும். சூடேறி ஒயில் இளகியதும் உண்மை வெளியே வரும்.

அவர் உரிய ஒயிலை மாற்றினார். சத்தம் இன்னும் கூடியது. பிறகு எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக்கின் வயரையும் முறைப்படி ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்த்தார். ஒரு சிலிண்டரின் வயரை எடுத்ததும் சத்தம் தணிந்தது. அந்த சிலிண்டரின் தடியிலுள்ள பெயாரிங்தான் போயிருக்கிறது என்று அதில் தெரிந்தது. அடித்தட்டைக் கழற்றியபோது செம்பு நிறத் துகள்கள் கிடந்தன. "இன்னும் ரெண்டு கிழமை ஓடியிருந்தால் தடி முறிஞ்சு எஞ்சின் உடம்பையே உடைச்சிருக்கும்" என்றார்.

"காதால் கேட்டே இவ்வளவும் எப்படி அண்ணை தெரியும்?" என்று கேட்டேன். சிரித்தார். 1990 ஒக்டோபரில் நாம் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலும் வேறு இடங்களிலும் இருந்த காலத்தில், இங்கே பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்கவில்லை. பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் சிலிண்டருக்குள் நேரத்துக்கு முன் வெடித்துத் தட்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலோடு கலந்து அதை இளக்கும். பெயாரிங் சீக்கிரம் தேயும். உதிரிப்பாகமும் கிடைக்காது. எந்தச் சத்தத்தோடு எத்தனை மைல் போகலாம் என்று கேட்டே கணக்குப் பார்க்கப் பழகிக்கொண்டார்களாம்.

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல

எஞ்சின் சத்தம் என்றதும் பயப்படத் தேவையில்லை. பல சத்தங்கள் சிறு செலவோடு தீர்பவை. எது எப்போது, எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஸ்டார்ட் பண்ணியவுடன் "கீச்" என்று அலறி, கொஞ்ச நேரத்தில் நின்றால் அது பெரும்பாலும் பெல்ட். பழையதாகியோ தளர்ந்தோ இருக்கும். மழை நாளில் கூடும். தொடர்ந்து சுழலும் ஊளைச் சத்தமாக இருந்தால் அல்டர்னேற்றர் அல்லது வோட்டர் பம்பின் பெயாரிங்காக இருக்கலாம்.

எஞ்சினின் மேல் பக்கத்திலிருந்து தையல் மெஷின் போல "டிக் டிக்" என்று கேட்டால் அது டப்பட் சத்தம். முதலில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். சரியாக இருந்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

மேட்டில் ஏறும்போதோ சுமையோடு வேகம் எடுக்கும்போதோ, தகர டப்பாவில் சிறு கல் போட்டுக் குலுக்குவது போலக் கேட்டால், பெற்றோல் நேரத்துக்கு முன் வெடிக்கிறது என்று அர்த்தம். கையேட்டில் ஒக்டேன் 95 கேட்கும் எஞ்சினுக்கு 92 அடித்தாலும் இப்படி வரலாம். உள்ளே கரி படிந்திருந்தாலும் வரலாம்.

"புஸ் புஸ்" என்று காற்றுப் போனால் புகைக்குழாயில் ஓட்டை. நமது கரையோர உப்புக் காற்றில் சைலன்சர் சீக்கிரம் துருப்பிடிக்கும். செலவு குறைவு, ஆனால் புகை வாகனத்துக்குள் வருவது உயிராபத்து. தள்ளிப்போடாதீர்கள்.

காலையில் குளிராக இருக்கும்போது தட்டி, சூடேறியதும் நின்றால் பிஸ்டன் சற்றுத் தளர்ந்திருக்கலாம். கவனித்தபடி ஓட்டலாம். இதற்கு மாறாக, சூடேறச் சூடேறக் கூடும் கனத்த சத்தம்தான் ஆபத்தானது. அதோடு ஒயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கராஜுக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கட்டி இழுத்துச் செல்லுங்கள்.

டீசல் எஞ்சின் இயல்பாகவே தட்டும். ஹைபிரிட் வாகனம் நிற்கும்போதும் திடீரென எஞ்சின் தானாக ஓடும், தானாக நிற்கும். அவை கோளாறு அல்ல.

மார்க்கம் என்ன சொல்கிறது?

விற்பனைக்கு முன் ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாட்கள் கறக்காமல் விட்டு, மடி பெருத்திருப்பதாகக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். அல்லது கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுக்கலாம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு கிரந்தங்களிலும் வரும் செய்தி இது. தேய்ந்த எஞ்சினுக்குத் தடித்த ஒயில் ஊற்றி விற்பதும் கறக்காத மடியைக் காட்டி விற்பதும் ஒரே வேலைதான். வாங்கியவருக்கு உரிமை கொடுத்த அதே தீர்ப்பில், விற்றவருக்கும் பாலுக்கு ஈடு கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். யாருக்கும் அநீதி இல்லை.

மறைந்த குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹ் நூல்கள் "கியாருல் ஐப்" என்கின்றன. குறை, பொருள் நம் கைக்கு வருமுன்பே இருந்திருக்க வேண்டும். அது மதிப்பைக் குறைப்பதாகவோ பயனைக் கெடுப்பதாகவோ இருக்க வேண்டும். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், குறை தெரிந்தவுடன் தாமதிக்காமல் அறிவிக்க வேண்டும். தொழுதுகொண்டிருந்தால் தொழுது முடிக்கலாம், சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சாப்பிட்டு முடிக்கலாம். அதற்கு மேல் காரணமின்றித் தள்ளிப்போட்டால் உரிமை போய்விடும். தெரிந்த பிறகும் பொருளைப் பாவித்துக்கொண்டிருந்தால் அது சம்மதமாகிவிடும். நம் கையில் புதிய சேதம் ஏற்பட்டுவிட்டால் திருப்பிக் கொடுக்க வற்புறுத்த முடியாது. நட்டஈட்டைப் பற்றித்தான் பேசலாம். சத்தத்தோடு இரண்டு கிழமை ஓட்டிவிட்டு "திருப்பி எடு" என்று கேட்பவரின் நிலை இதுதான். உங்கள் விடயத்தின் விபரங்களை ஓர் ஆலிமிடம் சொல்லித் தீர்ப்புக் கேட்டுக்கொள்வது நல்லது.

நாட்டுச் சட்டம்

1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வாகன வியாபாரியிடம் தேவையைச் சொல்லி, அவரது அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சொல்லாமலே அடங்கியிருக்கலாம். ஆனால் நீங்கள் பரிசோதித்து வாங்கியிருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு சொல்ல முடியாது. வியாபாரி அல்லாத தனிநபரிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. அங்கே எழுத்தும் சாட்சியும்தான் துணை.

வியாபாரி மீதான முறைப்பாட்டை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் கொடுக்கலாம். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அவர்களது தொலைபேசி இலக்கம் 1977.

செய்ய வேண்டியவை

எனது வான் விடயத்தில், மெக்கானிக் சொன்ன அன்றே அஸருக்கு முன் விற்றவருக்குத் தொலைபேசியில் அறிவித்தேன். வாகனத்தை அதற்குப் பிறகு ஓட்டவில்லை. பழைய ஒயிலை ஒரு போத்தலில் எடுத்து வைத்தேன். மெக்கானிக்கிடம் கண்டதை எழுதி வாங்கினேன். விற்றவர் முதலில், "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்றார். "வந்து நீங்களே கேளுங்கள்" என்றேன். வந்தார், கேட்டார், போத்தலையும் பார்த்தார். விற்பதற்கு முன் புரோக்கர்தான் சேர்விஸ் செய்து கொடுத்தார், தனக்குத் தெரியாது என்றார். இரு தரப்புக்கும் தெரிந்த ஒரு பெரியவரை வைத்துப் பேசினோம். உதிரிப்பாகச் செலவு அவருடையது, கூலி என்னுடையது என்று முடிந்தது. தண்டு கெடுவதற்கு முன் நிறுத்தியதால்தான் செலவு இருவரும் தாங்கக்கூடிய அளவில் இருந்தது. எஞ்சின் உடைந்திருந்தால் சமாதானத்துக்கு இடமே இருந்திருக்காது.

வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒயிலைத் தொட்டுப் பாருங்கள். குறைந்தது அரை மணி நேரமாவது, முடிந்தால் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். பற்றுச்சீட்டில் "எஞ்சினில் எனக்குத் தெரிந்த குறை இவை, வேறு இல்லை" என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். லீசிங் தவணையை வாகனம் கராஜில் நிற்கும்போதும் கட்டியே ஆக வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளை நாமும் அந்த இடத்தில் நிற்போம். "உள்ளது உள்ளபடி விற்கிறேன்" என்று எழுதிவிட்டால், நமக்குத் தெரிந்த குறையை மறைக்க அனுமதி கிடைத்துவிடாது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்தது என்று சொன்ன வியாபாரியிடம், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதை நாம் அறிவோம். எஞ்சினின் சத்தத்தையும் அப்படி மேலே வைத்து விற்போம். விலை கொஞ்சம் குறையும். ஆனால் பல வருடங்களுக்குப் பின் திரும்பி வந்து, குருநகர் மீனவரோடும் சந்தை வியாபாரியோடும் மீண்டும் கொடுக்கல் வாங்கல் தொடங்கியிருக்கும் நமது சமூகத்துக்கு, "அவர்கள் குறையைச் சொல்லித்தான் விற்பார்கள்" என்ற பெயர்தான் பெரிய முதல். அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.