அடுப்பே இல்லாமல் கொதிக்கும் பானை தெரியுமா?

சொல்கிறேன், அதற்கு முன் மே மாத மத்தியானம் மெரினா மணலில் செருப்பில்லாமல் நாலு எட்டு வைத்துப் பாருங்கள். கால் பொரிந்துவிடும்! ஓடிப்போய் அலையில் நின்றால்தான் உயிர் வரும். இரண்டுக்கும் ஒரே வெயில்தானே, ஏன் இந்த ஓரவஞ்சனை? ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 4.18 ஜூல் கேட்கும். மணலுக்கு 0.8 ஜூல் போதும். (கடல் கலங்கிக் கலங்கிச் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்வதும் ஒரு காரணம்.) பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் தன் வெப்ப ஏற்புத்திறன். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் விஷயம் உள்ளங்காலுக்குத் தெரியும்! தங்கத்துக்கோ வெறும் 0.13 ஜூல்தான். பிகு எல்லாம் விலையில் மட்டும்!

இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தால் வெந்நீர் பட்டதைவிட ஏன் அப்படித் துடிக்கிறோம், தெரியுமா? இரண்டும் 100 டிகிரிதான். ஆனால், ஒரு கிராம் ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும் அந்த நொடியில் மட்டும் சுமார் 2,260 ஜூலைக் கொட்டிவிடுகிறது. அதன் பிறகுதான் வெந்நீரின் சூடே ஆரம்பம்! கூட்டிப் பார்த்தால், அதே அளவு வெந்நீரைவிட ஒன்பது மடங்குக்கும் மேல்.

ஐஸ் கட்டியும் லேசுப்பட்டதல்ல. அது உருகுவதற்கு மட்டும் செலவாகும் வெப்பம், உருகிய தண்ணீரை 80 டிகிரி வரை ஏற்றிவிடும்!

யூரியாவை வாளித் தண்ணீரில் கரைத்தவர்களைக் கேளுங்கள். வாளியே ஜில்லென்று ஆகும். கரைவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தண்ணீரிடமே பிடுங்கிக்கொள்கிறது. சலவைத் தூளை ஈரக் கையில் குழைத்தால் நேர்மாறு, உள்ளங்கை கதகதக்கும்.

இப்போது அந்தப் பானை. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்த காலம் ஞாபகம் இருக்கிறதா? காளவாயில் சுட்ட கிளிஞ்சலைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. திடீரென்று புஸ்ஸென்று ஒரு சத்தம்! கிளிஞ்சல் வெடித்து உதிரும், ஆவி கிளம்பும், பானை தளதளவென்று கொதிக்கும். “தள்ளிப் போங்கடா, கண்ணுல தெறிச்சா போச்சு!” என்று பாட்டி விரட்டுவார். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வெளிவரும் வெப்பம், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும்!

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? காளவாயில் எரித்த விறகிலிருந்துதான்! கிளிஞ்சலைச் சுட்டுக் கரியமில வாயுவை வெளியேற்ற, ஒரு மோலுக்கு (வேதியியலில் பொருளை எண்ணும் அளவு) 178 கிலோஜூல் செலவு. நீற்றும்போது அதில் 65 திரும்பி வருகிறது. மீதி? சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சி, பழையபடி கிளிஞ்சலின் சரக்காகவே இறுகுகிறது. அப்போது வெளிவருவது 113. 65-ஐயும் 113-ஐயும் கூட்டுங்கள், அச்சாக 178! எந்த வழியில் சுற்றிப் போனாலும் வெப்பக் கணக்கில் பைசா குறையாது என்று 1840-லேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்து சொன்னவர் வேதியியலாளர் ஜெர்மெய்ன் ஹெஸ்.

அந்த 113 கிலோஜூல் வந்தபோது சுவரைத் தொட்டுப் பார்த்தோமே, சுடவே இல்லையே என்கிறீர்களா? வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விட்டால் எப்படித் தெரியும்!