தொழுநோய்க் கோலுயிரும் சுண்டெலியின் பாதமும்

மட்டக்களப்பு வாவியின் நடுவே அமைந்த மாந்தீவில், பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலே தொழுநோய் வைத்தியசாலை ஒன்று நிறுவப்பட்டது. நோயாளரைப் பிரித்து வைக்கும் அதிகாரத்தை 1901ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அரசுக்கு அளித்திருந்தது. தோணியின்றிச் சென்றடைய முடியாத தீவு அந்நோக்கத்திற்கு வாய்ப்பாயிற்று. கோலுயிர் புகுந்த உடல் நோயுற்றே தீரும் என்ற அச்சமே இவ்வேற்பாட்டிற்குத் துணைநின்றது. அவ்வச்சம் எவ்வளவு பொருந்தும் என்பதை ஆய்வுகூட விலங்குகள் தந்த சான்றுகளைக் கொண்டு நோக்குவோம்.

1873இல் நோர்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்த இக்கோலுயிரைச் செயற்கை வளர்ப்பூடகம் எதிலும் இன்றுவரை வளர்க்க இயலவில்லை. 1960இல் அமெரிக்கரான செப்பர்ட் அதனைச் சுண்டெலியின் பாதத்திற் செலுத்தினார். உடலின் குளிர்ந்த பகுதிகளையே இக்கோலுயிர் நாடும். ஒருமுறை இரட்டிக்க அதற்கு ஏறத்தாழ இரு வாரங்கள் வேண்டும். செலுத்தப்பட்ட சில ஆயிரம் கோலுயிர்கள் மாதங்கள் பல கழிந்து பத்து இலட்சம் அளவுக்குப் பெருகின; பின்னர் பெருக்கம் நின்றுவிட்டது. சுண்டெலி நோயாளியாகவில்லை.

பெருக்கத்தைத் தடுத்தது எது? இவ்வினாவுக்கு 1966இல் இங்கிலாந்தைச் சேர்ந்த றீஸ் விடை கண்டார். தைமசுச் சுரப்பியை அகற்றிக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய சுண்டெலிகளில் அதே கோலுயிர் தடையின்றிப் பெருகி உடலெங்கும் பரவியது. தைமசுவில் முதிரும் நிணநீர்க்குழியங்களே தின்குழியங்களைத் தூண்டிக் கோலுயிரை அழிக்கச் செய்கின்றன என்பது இதனாற் புலனாயிற்று. உடல் வெப்பம் குறைந்த அர்மடில்லோ என்னும் விலங்கிலும் இந்நோய் கடுமையாகப் பரவுவதை 1971இல் கேர்க்கைமரும் ஸ்டொர்ஸும் காட்டினர். எனினும் கோலுயிர் செலுத்தப்பெற்ற அர்மடில்லோக்கள் அனைத்தும் நோயுறவில்லை என்பது ஈண்டு கவனிக்கற்பாலது.

மனிதரிடத்தும் நிலைமை இதுவே. கோலுயிர் புகுந்தோரில் மிகப் பெரும்பாலோர் நோயுறுவதேயில்லை. நோயுறுவோரிலும் இரு துருவங்கள் உள. ஒரு துருவத்தில் குழியவழி நிர்ப்பீடனம் வலிமையாக இருக்கும். கோலுயிர்கள் மிகச் சிலவே காணப்படும். மறு துருவத்தில் அது செயலற்றுக் கிடக்க, கோலுயிர்கள் கோடிக்கணக்கிற் பெருகும். இத்தகையோரின் குருதியிற் பிறபொருளெதிரிகள் மிகுந்திருந்தும் பயனில்லை. கோலுயிர் குழியத்தினுள்ளே ஒளிந்து வாழ்வதால் அவை அதனை எட்டுவதில்லை.

இங்கே கொடிய முரண்பாடொன்று உண்டு. நரம்பினுட் புகுந்த கோலுயிரை உடல் தீவிரமாகத் தாக்கும்போது நரம்பும் உடன் அழிகின்றது. மடங்கிய விரல்களைக் கண்டு மக்கள் அஞ்சி விலகிய நோயாளருட் பலர், உண்மையிற் கோலுயிரை வலிமையோடு எதிர்த்து நின்றவர்களே. அவர்களாற் பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு.

மருந்துகளை மதிப்பிடவும் சுண்டெலியின் பாதமே உதவிற்று. டாப்சோனை எதிர்க்கும் கோலுயிர்கள் தோன்றியமை 1964இல் இவ்வழியே நிறுவப்பட்டது. றிபம்பிசின் கொடுத்த சில நாட்களுள் நோயாளரிடமிருந்து எடுத்த கோலுயிர் சுண்டெலியில் வளராமற்போனதும் இவ்வாறே அறியப்பட்டது. ஆகவே, மருந்து தொடங்கியவரைத் தீவிற் பிரித்து வைப்பதற்கு மருத்துவ நியாயம் எதுவும் எஞ்சவில்லை.

இலங்கையிற் பன்மருந்துச் சிகிச்சை 1983இல் தொடங்கியது. இன்றும் புதிய நோயாளர் இனங்காணப்படும் மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. உணர்ச்சியற்ற வெளிறிய படையைத் தேமலென்று எண்ணியோ, ஊராருக்கு அஞ்சியோ மறைப்பவர்கள், நரம்பு கெட்ட பின்னரே அரசு இலவசமாக வழங்கும் மருந்தை நாடி வருகின்றனர்.